கடவுள் எப்படிச் சந்தாதாரர் ஆனார்: கதையைப் பிரித்துப் பார்க்க ஒரு செய்முறை

"இக்கதை உணர்த்தும் நீதி யாது?" பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்ப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் லேசில் விடாது. ஒரு வாசகர் வட்டத்துக்காக நான் முதன்முதலில் எழுதிய கட்டுரை, புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' பற்றியது. அதில், கடவுளுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவை ஆசிரியர் அழகாகச் சித்திரித்திருக்கிறார் என்று எழுதியிருந்தேன். படித்த நண்பர் கேட்டார்: "இதையே பெரிய புராணத்துக்கும் எழுதலாமே?" எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். கருவை முதலில் தேடுவதில்லை. பாத்திரம் என்ன செய்கிறது என்பதில் தொடங்குகிறேன். அதே கதையையும், உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலில் ஒரு காட்சியையும் வைத்து அதைச் செய்து காட்டுகிறேன். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கதையின் முடிவையும் சொல்லப்போவதால், படிக்காதவர்கள் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

படி 1: இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை பென்சிலைத் தொடாதீர்கள். சும்மா படியுங்கள், சிரிப்பு வந்தால் சிரியுங்கள். இரண்டாவது முறை, உங்களை எது நிறுத்தியதோ அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு போடுங்கள். பக்கத்துக்கு ஐந்து கோடு விழுந்தால் நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, நிறம் தீட்டுகிறீர்கள்.

படி 2: பாத்திரத்தின் கணக்கைப் பாருங்கள்

"கந்தசாமிப் பிள்ளை நல்லவர், ஏழை, புத்திசாலி" என்று பண்புப் பட்டியல் போடுவதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்வது. அதில் ஆள் இருக்கமாட்டார். அதற்குப் பதிலாக மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் காசை என்ன செய்கிறார், எதற்குப் பயப்படுகிறார், யாரிடம் எப்படிப் பேச்சை மாற்றுகிறார்.

கதை தொடங்கும்போது பிள்ளை சென்னையில் பிராட்வே முனையில், வண்டி இடிக்காத ஓரமாகப் பார்த்து நின்றபடி தீவிரமாக யோசிக்கிறார். யோசனை எதைப் பற்றி? திருவல்லிக்கேணிக்கு டிராமில் போனால் மிஞ்சும் காசில் வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரைக் கொஞ்ச தூரம் ஏமாற்றினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது.

இந்தச் சின்னக் கணக்கிலேயே ஆள் முழுதாக இருக்கிறார். காலணாவுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டிய நிலைமை. ஏமாற்றுவதைக்கூட ஒரு செலவினமாகச் சேர்த்துக்கொள்ளும் சாதாரணம். இத்தனைக்கும் நடுவில் வெற்றிலையும் காப்பியும் வேண்டும் என்கிற ருசி. 'ஏழை' என்று ஆசிரியர் சொல்லவே வேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் கடவுள் வந்து நின்று வழி கேட்கிறார்.

இனி இதே கண்ணோடு மேலே போங்கள். கடவுளோடு காப்பி ஹோட்டலுக்குள் நுழையும்போது பிள்ளைக்குப் பில் தன் தலையில் விழுந்துவிடுமோ என்று கவலை. வந்திருப்பவர் கடவுள் என்று தெரிந்த பிறகும் தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு அவரைச் சந்தா சேர்க்கிறார். காலணாக் கணக்குப் போட்ட அதே மனிதர்தான்; எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் கணக்கு மாறவில்லை. நோட்டில் ஒரு பக்கம் செயல், எதிர்ப் பக்கம் 'இதிலிருந்து எனக்குத் தெரிவது' என்று எழுதிக்கொண்டே வந்தால் இப்படித் தொடர்ச்சி தானாகத் தெரியும்.

படி 3: கருவை ஒரு சொல்லாக அல்ல, வாக்கியமாக எழுதுங்கள்

'வறுமை', 'பக்தி', 'நகர வாழ்க்கை' இவையெல்லாம் தலைப்புகள். கரு என்றால் அந்தத் தலைப்பைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பது. எழுவாய், பயனிலையோடு எழுதிப் பாருங்கள். என்னுடைய முதல் முயற்சி: "மனிதன் வாழும் நிபந்தனைகளில் கடவுளால்கூட வாழ முடியாது."

எழுதியாயிற்று என்று அதோடு விடக்கூடாது. கதையில் இந்த வாக்கியத்துக்கு ஒத்துவராத காட்சி எது என்று தேடுங்கள். எனக்கு இடித்தது, பிள்ளையின் சின்னப் பெண்ணோடு கடவுள் சில்லு விளையாடும் இடம். அவர் அங்கே சந்தோஷமாகத்தானே இருக்கிறார்? திரும்பப் போய்ப் படித்தேன். கடவுள் கோட்டை மிதித்துத் தோற்றுவிடுகிறார். ஆட்டம் தெரியாமல் ஆட வரலாமா என்று குழந்தை கேட்டுவிடுகிறது. ஒத்துவராது என்று நினைத்த காட்சிதான் கருவை அழுத்திச் சொல்கிறது: விதி தெரியாமல் யாரும் இந்தக் களத்தில் இறங்க முடியாது. கடைசியில் கடவுளே, எட்டி நின்று வரம் தரலாம், கூட இருந்து வாழ முடியாது என்கிற மாதிரி ஒப்புக்கொள்கிறார். அந்த முடிவு சில்லு ஆட்டத்திலேயே தொடங்கிவிட்டது.

படி 4: வகைமை

கடவுள் பிராட்வேயில் நடமாடுவதால் இது மாயக்கதையா? பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள். வகைமை என்பது வாசகனுக்கும் கதைக்கும் உள்ள ஒப்பந்தம். இந்த வகைக் கதையில் என்ன நடக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், ஆசிரியர் அதை என்ன செய்கிறார் என்று கேளுங்கள்.

நம் புராணங்களில் தெய்வம் மாறுவேடத்தில் வரும், சோதிக்கும், வரம் தரும். கந்தசாமிப் பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த வரம் கொடுக்கிற வித்தையெல்லாம் நம்மிடம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஒரு தெய்வம் கொடுத்துவிட்டுப் போனால் இன்னொன்று வந்து தலையைக் கேட்கும் என்பது அவர் பயம். பாத்திரமே தான் எந்த வகைக் கதைக்குள் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து தப்பிக்கப் பார்க்கிறது! புராணச் சட்டகம், உள்ளே அங்கதம், அதாவது கேலியால் குத்திக்காட்டுவது. 'நகைச்சுவைக் கதை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் இது அத்தனையும் போய்விடும்.

படி 5: புனைவல்லாததற்கு ஒரு கூடுதல் கேள்வி

இப்போது 'என் சரித்திரம்'. 1880 அக்டோபரில் கும்பகோணத்தில், அங்கே முன்சீபாக (நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்திக்கும் காட்சி. ஐயருக்கு 25 வயது, கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அடுக்குகிறார்: அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள். முதலியார் அசரவே இல்லை. இதற்கு முந்திய பழைய நூல்கள் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்கிறார். ஐயருக்குத் தெரியாது.

மேலே சொன்ன எல்லாப் படிகளும் இங்கேயும் செல்லும். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு முறையும் முதலியாரின் முகத்தைப் பார்த்து ஏமாறும் அந்த இளைஞன் ஒரு நல்ல பாத்திரம். ஆனால் கூடவே கேட்கவேண்டியது: இதைச் சொல்பவர் எங்கே, எப்போது உட்கார்ந்து சொல்கிறார்? 1940 முதல் ஆனந்த விகடனில் இதைத் தொடராக எழுதியபோது ஐயருக்கு 85 வயதை ஒட்டி இருக்கும். சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தவர், முடிவு தெரிந்தவர். தெரிந்தும் அதை மறைத்துவைத்து, தன் இளமைக் கர்வத்தைப் பட்டியல் பட்டியலாக நம் முன் உடைத்துக் காட்டுகிறார். நடந்தது உண்மை. எதை முதலில் சொல்வது, எங்கே தாமதிப்பது என்பது அவர் தேர்வு. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நூல் 1899ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது. 'ஆசிரியர் முடிவை வாசகரிடமே விட்டுவிட்டார்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். 1942 ஏப்ரலில் ஐயர் காலமாகிவிட்டார், அவ்வளவுதான்.