கையெழுத்திடும் முன்: இசைத்துறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசையைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் குரலுக்கும் விரலுக்கும் பல ஆண்டுப் பயிற்சி தருகிறார்கள். ஆனால் நெடுங்காலம் தங்களைக் கட்டப்போகும் ஒப்பந்தத்தைப் படிக்க ஒரு மாலைப்பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை. பின்னாளில் வருந்த நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அதில் கையெழுத்திடும் நாளிலேயே நிகழ்ந்துவிடுகின்றன.

அவற்றுள் அடிப்படையானது, பாடலை ஒரே சொத்து என்று எண்ணுவது. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒரு சொத்து. அதைப் பாடி இசைத்துப் பதிவு செய்த ஒலி, அதாவது துறையினர் மாஸ்டர் என்று சொல்வது, வேறொரு சொத்து. இரண்டின் உரிமையாளர்களும் வேறாக இருக்கலாம். வருமானமும் வெவ்வேறு வழிகளில் வரும். அமெரிக்காவில் வழக்கமான வானொலி நிலையம் ஒரு பாடலை ஒலிபரப்பினால், எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டி, அதாவது பயன்பாட்டுக்கான உரிமைத்தொகை, உண்டு; பாடியவருக்கு இல்லை. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019இல் அவருடைய பழைய இசைப்பதிவு நிறுவனத்தோடு சேர்த்து விற்கப்பட்டன. பாடல்களை எழுதியவர் என்ற முறையில் படைப்பின் மீது அவருக்கு உரிமை இருந்தது. மறுபதிவைத் தடுத்த ஒப்பந்தக் காலமும் முடிந்திருந்தது. ஆகவே 2021 முதல் அவற்றுள் நான்கைப் புதிதாகப் பாடி வெளியிட முடிந்தது; பழைய மாஸ்டர்களை 2025இல்தான் அவர் விலைக்கு வாங்கினார். அத்தனை செல்வாக்கு உடையவருக்கே ஆறாண்டுகள் ஆயின என்பதை, எந்தக் காலவரையறையும் இன்றி மாஸ்டரை எழுதிக் கொடுக்க முனையும் புதியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, இசைப்பதிவு நிறுவனம் தரும் முன்பணத்தைச் சம்பளமாகக் கருதுவது. முன்பணமும், பெரும்பாலும் ஒலிப்பதிவுச் செலவும், கலைஞரின் ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். கலைஞரின் பங்கு 20 சதவீதம், கழிக்க வேண்டிய தொகை 100 என்று வைத்துக்கொண்டால், விற்பனை வருவாய் 500ஐத் தொடும்வரை அவருக்கு மேற்கொண்டு எதுவும் வராது. நிறுவனமோ தான் கொடுத்த 100ஐ வெகு முன்பே மீட்டிருக்கும். கணக்குத் தீர்ந்த பிறகும் மாஸ்டர் நிறுவனத்திடமே இருக்கும். ஆல்பம் விற்காவிட்டால் முன்பணத்தைக் கையிலிருந்து திருப்பித் தரவேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் ஆல்பத்தின் நிலுவையை அடுத்த ஆல்பத்தின் வருவாயில் கழிக்கும் விதி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடுவது, இரண்டாம் உழைப்பையும் முன்கூட்டியே அடகு வைப்பதாகும். இதை எனக்குத் தெரிந்த பலரும் மிகத் தாமதமாகவே உணர்ந்தார்கள்.

கூட்டாக எழுதும்போது யாருக்கு எத்தனை பங்கு என்பதைப் பாடல் பிறந்த அன்றே எழுதி வைக்காமல் விடுவதும் பெரும் பிழை. பாடல் புகழ்பெற்ற பிறகு பேசத் தொடங்கினால், நட்பு முறிவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஸ்ட்ரீமிங் எண்ணிக்கையை வருமானமாக எண்ணி மயங்குவோரும் உண்டு. பெரும்பாலான தளங்கள் ஒவ்வொரு கேட்பிற்கும் நிலையான விலை தருவதில்லை. சந்தாவும் விளம்பரமும் ஈட்டியதில் ஒரு பகுதியைப் பொதுத் தொகுப்பாக்கி, மொத்தக் கேட்புகளில் அவரவர் விழுக்காட்டின்படி பிரிக்கின்றன. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஒலித்தால்தான் ஒரு கேட்பு கணக்காகும்; முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளை எட்டாத பதிவுக்கு 2024 முதல் அங்கே ராயல்டி இல்லை. இதனால் சிலர் விலைக்குக் கேட்புகளை வாங்குகிறார்கள். அவை கண்டறியப்பட்டால் எண்ணிக்கை நீக்கப்படும், சில வேளைகளில் பாடலே தளத்திலிருந்து போய்விடும்.

இந்த 30 வினாடிக் கணக்கு பாடலின் உருவத்தையே மாற்றுகிறது. கேட்பவர் தாண்டிச் சென்றுவிடுவாரோ என்ற அச்சத்தில் நீண்ட முன்னிசை சுருங்குகிறது, பல்லவி முந்திக்கொண்டு வருகிறது. இது புதிய நெருக்கடி அன்று. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே தாங்கியதால், பாடல் என்றாலே மூன்று நிமிடம் என்ற பழக்கம் வேரூன்றியது. 1948இல் வந்த நெடுந்தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் தாங்கியபோதுதான் நீண்ட இசைக்கு இடம் கிடைத்தது. கருவி விதித்த எல்லையைக் கலையின் இலக்கணம் என்று நம்பி, ஏழு நிமிடம் தேவைப்படும் பாடலை இரண்டரை நிமிடமாக வெட்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு.

கேட்பவர்களும் ஒன்றைத் தவறாக எண்ணுகிறார்கள்: தாம் கட்டும் சந்தா தாம் கேட்ட கலைஞர்களுக்கே போகிறது என்பது அது. பொதுத் தொகுப்பு முறையில், மாதம் முழுவதும் ஒரே ஒரு சிறு குழுவின் பாடல்களைக் கேட்டவருடைய பணமும், அவர் ஒருமுறைகூடக் கேட்டிராத பெரும் நட்சத்திரங்களுக்கே பெரிதும் சேர்கிறது. பரிந்துரைப் பட்டியலில் தானாக வந்து நிற்பது தகுதியால் மட்டுமே வந்தது என்று கொள்வதற்கும் இடமில்லை. குறைந்த ராயல்டிக்கு உடன்பட்டால் பாடலைக் கூடுதலாக முன்னிறுத்தும் ஏற்பாடும் இன்று நடைமுறையில் இருக்கிறது. ஒரு கலைஞர் தொடர்ந்து இசைக்க வேண்டும் என்று விரும்புபவர், அவரே நேரடியாக விற்கும் பதிவையோ அவரது கச்சேரிக்கான நுழைவுச்சீட்டையோ வாங்கினால், அந்தப் பணத்தில் பெரும்பங்கு அவர் கைக்குச் சேர வழியுண்டு.