வீரப் பதக்கங்களைக் கல்வெட்டில் பொறிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி வாசலில் கல்வெட்டு, முச்சந்தியில் சிலை, நினைவு நாள் மலர் என்று எங்கு எழுதினாலும், ராணுவ அதிகாரியின் பெயருக்குப் பக்கத்தில் பதக்கத்தின் பெயர் தவறாக ஏறிவிட்டால் பிறகு எல்லோரும் அதையே பார்த்து எழுதுகிறார்கள். உயிரைக் கொடுத்தவருக்கு அவர் பெற்ற விருதைச் சரியாக எழுதித் தருவது நம் குறைந்தபட்சக் கடமை.

அதிகம் நடக்கும் குழப்பம், போர்க்கால விருதையும் அமைதிக்கால விருதையும் கலப்பது. பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு. அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா மூன்றும் மற்றச் சூழல்களில் காட்டிய வீரத்துக்கு. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் தீவிரவாதிகளுடன் மோதி உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு வழங்கப்பட்டது அசோக் சக்ரா. அதைப் பரம்வீர் சக்ரா என்று எழுதினால் பிழை.

“போர் அறிவித்தால்தான் பரம்வீர் சக்ரா” என்று நினைப்பதும் பிழைதான். 1999 கார்கில் போர் முறைப்படி அறிவிக்கப்பட்டதல்ல, ஆனாலும் அதில் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் அமைதி காக்கும் படையில் இருந்தபோது உயிர்நீத்தார். 8 மஹார் பட்டாலியனைச் சேர்ந்த அவருக்குக் கிடைத்தது பரம்வீர் சக்ராதான். விருதைத் தீர்மானிப்பது போர் அறிவிப்பு அல்ல, அந்த நடவடிக்கை எந்த வகையில் சேர்க்கப்பட்டது என்பதே. ஆகவே ஊகிக்காமல் அரசிதழைப் பாருங்கள்.

வீரத்துக்கான சக்ரா விருதுகளின் வரிசை இது: பரம்வீர், அசோக், மகாவீர், கீர்த்தி, வீர், சௌர்ய. போர்க்கால மூன்றையும் முதலில் அடுக்கிவிட்டு மற்ற மூன்றைக் கீழே தள்ளுவது தவறு. சர்வோத்தம், உத்தம் யுத் சேவா பதக்கங்களும் யுத் சேவா பதக்கமும் பெயரில் ‘யுத்தம்’ இருப்பதால் வீர விருதுகளாகத் தோன்றும். அவை 1980-ல் போர்க்காலச் சிறப்புச் சேவைக்காக ஏற்படுத்தப்பட்டவை, நேரடி வீரச் செயலுக்கானவை அல்ல.

சேனா பதக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். வீரத்துக்கும் உண்டு, சிறப்புச் சேவைக்கும் உண்டு. இரண்டுக்கும் பதக்கமும் அதைத் தொங்கவிடும் நாடாவும் ஒன்றே. புகைப்படத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அறிவிப்பில் ‘வீரம்’ என்று இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். மார்பில் உள்ள நாடாக்களை எண்ணி “எட்டு வீரப் பதக்கம் பெற்றவர்” என்று எழுதுவதும் இதே ரகம். அதில் ஆபரேஷன் விஜய், உயர்மலைச் சேவை, நீண்டகாலச் சேவை, சுதந்திரப் பொன்விழா எல்லாம் கலந்திருக்கும். அவை அங்கே இருந்ததற்கு, சேவை செய்ததற்குத் தரப்படுபவை.

தேதியில் ஒரு பொறி உண்டு. மேஜர் சோம்நாத் சர்மா பட்காமில் வீழ்ந்தது 1947 நவம்பர் 3. ஆனால் பரம்வீர் சக்ரா ஏற்படுத்தப்பட்டதே 1950 ஜனவரி 26-ல்தான், 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும்படி. எனவே “1947-ல் விருது பெற்றார்” என்று எழுதக் கூடாது. செயல் நடந்த நாள், அறிவிப்பு வந்த நாள், குடும்பத்தாரிடம் விருது கொடுத்த நாள் மூன்றும் வேறு வேறு. கல்வெட்டுக்கு வேண்டியது செயல் நடந்த நாள்.

பெயர் ஒற்றுமை அரசு அறிவிப்பையே தடுமாற வைத்திருக்கிறது. கார்கில் போரில் டைகர் ஹில்லில் போரிட்ட 18 கிரெனேடியர்ஸின் யோகேந்திர சிங் யாதவுக்கு பரம்வீர் சக்ரா ‘மறைவுக்குப் பின்’ என்று அறிவிக்கப்பட்டது. உயிர்நீத்தவர் அதே படைப்பிரிவில் அதே பெயர் கொண்ட இன்னொருவர். விருது அறிவிக்கப்பட்டவரோ மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். பெயரோடு படை எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஒரே விருதை இரண்டாம் முறை பெற்றவருக்கு இன்னொரு பதக்கம் தருவதில்லை, நாடாவில் ஒரு பட்டை சேரும். சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் சந்த் சிங் 1965-ல் லெப்டினன்ட் கர்னலாகவும், 1971-ல் பிரிகேடியராகவும் மகாவீர் சக்ரா பெற்றார். இங்கே பதவியையும் அந்தந்த ஆண்டுக்கு ஏற்றபடி எழுத வேண்டும்.

படம் வரைபவர்களுக்கு: பரம்வீர் சக்ரா வெண்கலம், நாடா முழுக்க ஊதா. மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளி. மகாவீர் நாடா பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ராவுக்குப் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. இரண்டிலும் ஆரஞ்சு, அணிந்தவரின் இடது தோள் பக்கம், அதாவது பார்ப்பவருக்கு வலப்புறம். ஆரஞ்சு இடப்புறம் தெரிந்தால் படம் இடவலம் மாறியிருக்கிறது.

பெயருக்குப் பின் ஆங்கிலச் சுருக்கம் போடுவதானால் வீர் சக்ராவுக்கு ‘விஆர்சி’. வெறும் ‘விசி’ என்றால் பிரிட்டிஷ் காலத்து விக்டோரியா கிராஸ்.

வரி இப்படி அமையலாம்: “மேஜர் மா. சரவணன், வீர் சக்ரா (மறைவுக்குப் பின்), 1 பீகார், படாலிக், 29 மே 1999.” பதவி, பெயர், விருது, பட்டாலியன், களம், செயல் நடந்த நாள் என்ற வரிசை. சிற்பியிடம் கொடுப்பதற்கு முன் குடும்பத்தாரிடம் உள்ள பாராட்டுரை நகலோடும் அரசிதழோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நகல் இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.