கடலோரத்தின் உயிரியல் மதிப்பை அளப்பது எப்படி? பாக் விரிகுடாவை வைத்து ஒரு செய்முறை

ஒரு கடற்பகுதியின் மதிப்பு என்றதும் எத்தனை டன் மீன், எத்தனை கோடி ரூபாய் என்றுதான் கணக்கு ஓடும். அந்தக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, உயிரினங்கள் பிழைத்துப் பெருக அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று மட்டும் பார்ப்பதற்குப் பெயர் உயிரியல் மதிப்பீடு. வட கடலில் பெல்ஜியத்துக்கு உரிய பகுதிக்காக உருவாக்கி 2007-ல் வெளியிட்ட முறை ஒன்று இதில் பலருக்கும் அடிப்படை. 2008-ல் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை நாடுகள் ஏற்றுக்கொண்ட ஏழு அளவுகோல்களும் இருக்கின்றன. ஏழையும் தூக்கிக்கொண்டு முதல் தடவையே கடலில் இறங்க வேண்டாம். இங்கே மூன்றோடு தொடங்குவோம்.

எடுத்துக்காட்டுக்கு வடக்கு பாக் விரிகுடா. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையிலான கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆழம் குறைவு, அலை குறைவு, கடற்புல் அதிகம். கற்றுக்கொள்ள நல்ல கடல்.

படி 1: எல்லை, கட்டம், அனுமதி

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் கரையோரமாக 5 கிலோமீட்டர், கடலுக்குள் 3 கிலோமீட்டர் என்று ஒரு செவ்வகம் போட்டு, 1 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து எண் கொடுங்கள். 15 கட்டங்கள் வரும். முழுப் பாதுகாப்பகத்தையும் எடுத்தால் 450 கட்டம் ஆகிவிடும், அது ஒரு நிறுவனத்தின் வேலை.

இறங்குவதற்கு முன் வனச்சரக அலுவலகத்திலும் மீனவ கிராமப் பஞ்சாயத்திலும் பேசிவிடுங்கள். கடற்பசு, கடல் ஆமை, பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. ‘மாதிரிக்கு ஒன்று’ என்று எடுத்து வந்தாலும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பக்கம் செய்யப்போகிறீர்கள் என்றால் அது தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைக்கவே முடியாது.

படி 2: வீட்டில் இருந்தபடியே முதல் வரைபடம்

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். படத்தின் ஒரு புள்ளி கடலில் 10 மீட்டர். தண்ணீர் தெளிந்திருக்கும் நாளின் படமாகத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பாக் விரிகுடா கலங்கலாகக் கிடக்கும், அந்தப் படம் உதவாது. வெளிர் நிறம் மணல், கருந்திட்டு கடற்புல் என்று தற்காலிகமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கருந்திட்டு பாசியாகவும் இருக்கலாம், வெறும் பள்ளமாகவும் இருக்கலாம். ஆழத்துக்கு ஜெப்கோ என்ற உலகக் கடல் ஆழ வரைபடத்தின் தரவு கிடைக்கும். ஆனால் அது ஏறத்தாழ 450 மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் இவ்வளவு ஆழம் குறைந்த கடலுக்குப் பற்றாது. ஈயக்குண்டு கட்டிய கயிறே மேல்.

படி 3: தண்ணீரில் இறங்கிப் பார்ப்பது

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பிவிசி குழாயில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். மிதக்காமல் இருக்கக் குழாயில் ஓட்டை போட்டுவிடுங்கள். 50 மீட்டர் நாடா, நீர் புகாத எழுதுபலகை, முகக்கண்ணாடி, இருப்பிடம் காட்டும் கைப்பேசி இருந்தால் போதும். உலகம் முழுக்கக் கடற்புல் கண்காணிப்பில் பயன்படும் அமைப்பு இதுதான்: 25 மீட்டர் இடைவெளியில் மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் 50 மீட்டர் நீளம், 5 மீட்டருக்கு ஒரு சட்டம். கோட்டுக்கு 11 வீதம் மொத்தம் 33 சட்டங்கள்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகருங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். சொறி மீன் மிதக்கும் நாள் என்றால் இறங்கவே வேண்டாம்.

ஒவ்வொரு சட்டத்திலும் புல் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது, எந்த இனம், இலை எவ்வளவு நீளம், இலைமேல் பாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதுங்கள். கண்மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும். முதல் சில சட்டங்களை இருவர் தனித்தனியாக மதிப்பிட்டு, ஒப்பிட்டுச் சரி செய்துகொண்டு அப்புறம் தொடருங்கள்.

இனம் காண்பது பார்க்கும் அளவுக்குக் கடினம் இல்லை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக, நீள்வட்ட இலைகள் இரண்டிரண்டாகக் காம்போடு நின்றால் ஹாலோபிலா ஒவாலிஸ். இலை உருண்டு குச்சி போல இருந்தால் சிரிங்கோடியம். பட்டையான நாடா இலை என்றால் நுனியை விரலால் தடவிப் பாருங்கள்: சிறு பற்கள் தட்டுப்பட்டால் சைமோடோசியா செருலாட்டா. மெல்லிய இலையின் நுனி மூன்று முனையாகப் பிரிந்திருந்தால் ஹாலோடூல் யூனிநெர்விஸ், ஆனால் அதைக் காண ஒரு உருப்பெருக்கி வேண்டும். பிடுங்காமல் படம் எடுத்து, உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள்.

புல்வெளிக்குள் ஒரு சாண் அகலத்தில் வெறும் மணலாக வளைந்து வளைந்து போகும் தடம் கண்ணில் பட்டால் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். கடற்பசு வேரோடு மேய்ந்துபோன தடமாக அது இருக்கலாம். நங்கூரம் இழுத்த கோடும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆனால் நங்கூரக் கோடு பெரும்பாலும் நேராகவும் ஆழமாகவும் ஓடும். சந்தேகம் என்றால் ‘சந்தேகம்’ என்றே எழுதுங்கள்.

படி 4: கடலோடிகளிடம் கேட்பது

கட்டங்கள் போட்ட வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். ‘இங்கே ஆவுளியா (கடற்பசு) வருமா?’ என்று நேரடியாகத் தொடங்காதீர்கள். அதைப் பிடித்தால் வழக்கு என்று எல்லோருக்கும் தெரியும். கேள்வியைக் கேட்டதுமே பேச்சு அடங்கிவிடும். ‘ஐயா, எந்தப் பக்கம் தாழை (கடற்புல்) அதிகம்? நண்டு வலை எங்கே விடுவீங்க? எந்த மாசம் எந்தக் காத்துல தண்ணி தெளியும்?’ என்று போனால் மீதி தானாக வரும். பாசி எடுக்கும், நண்டு பிரிக்கும் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கரையோர மேடுகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிவது படகில் போகிறவர்களுக்குத் தெரியாது.

ஒரே இடத்தை மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால் நம்பிக்கை வலுக்கும், கூட்டமாக உட்கார்ந்து சொன்னால் அது ஒருவர் சொன்னதற்குச் சமம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளில் ஏலக்கூடத்து மீனை வைத்து ஆண்டு முழுதையும் எடைபோடாதீர்கள்.

படி 5: மதிப்பெண்

ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கேள்விகள், 1 முதல் 5 வரை மதிப்பெண். இங்குள்ள உயிரினமோ வாழிடமோ எவ்வளவு அரிது? உயிரினங்கள் இங்கே எவ்வளவு கூட்டமாகத் திரள்கின்றன? இந்த இடம் போய்விட்டால் அவற்றின் இனப்பெருக்கமும் பிழைப்பும் எவ்வளவு அடிபடும்?

மூன்றாவது கேள்வியைப் பலர் ஒப்புக்கு நிரப்பிவிடுகிறார்கள். கடற்பசு ஓராண்டுக்கு மேல் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். மேய்ச்சல் புல் போனால் ஈனுவதே தள்ளிப்போகும். ஆகவே தடங்கள் திரும்பத் திரும்பத் தெரியும் கட்டத்துக்கு இங்கே தயங்காமல் 5 கொடுங்கள்.

கற்பனையாக இரண்டு கட்டங்கள். கட்டம் 7, மேய்ச்சல் தடமுள்ள புல்வெளி: 5, 2, 5. சராசரி 4. கட்டம் 3, ஆற்று முகத்துச் சேற்றுமேடு: 1, 5, 3. சராசரி 3. வலசைக் காலத்தில் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக இரை தேடும் அந்தச் சேறு ‘நடுத்தரம்’ என்ற பெயரோடு வரைபடத்தில் மங்கிவிடுகிறது. அதனால் நான் சராசரியை நம்புவதில்லை, மூன்றில் உயர்ந்த மதிப்பெண்ணையே கட்டத்தின் மதிப்பாக எடுக்கச் சொல்வேன். இதிலும் ஒரு வம்பு உண்டு: எப்போதோ கடந்துபோன ஒற்றை ஆமைக்காக ஒரு கட்டம் 5-க்கு ஏறிவிடும். அதைத் தடுக்க, 5 போட வேண்டுமானால் வெவ்வேறு பருவத்தில் இரண்டு சான்றாவது வேண்டும் என்று முன்கூட்டியே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள். படகுத்துறைக்குப் பக்கத்துக் கட்டத்தில் எப்போதும் பட்டியல் நீளமாக இருக்கும். எல்லோரும் அங்கேதான் இறங்கிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

படி 6: நம்பகத்துக்குத் தனி வரைபடம்

கட்டம் 12, ஆறு மீட்டர் ஆழச் சேறு, யாரும் பார்த்ததில்லை. இதற்கு 0 போடுவதும் 1 போடுவதும் தவறு. வெற்றாக விட்டு, சாம்பல் நிறம் கொடுங்கள். துறைமுகமோ குழாயோ இறால் பண்ணைக் கழிவோ வரும்போது ‘மதிப்பு குறைந்த இடம்’ என்று முதலில் கைகாட்டப்படுவது இப்படித் தரவில்லாத கட்டம்தான். எனவே மதிப்பு வரைபடத்தைத் தனியாக வெளியே விடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனை முறை, எந்தப் பருவத்தில், யார் பார்த்தது என்ற நம்பக வரைபடமும் அதே தாளில் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 7: திருப்பிக் காட்டுவது, வெளியிடுவது

முதல் பிரதியைத் தகவல் தந்த ஊரிலேயே விரித்துக் காட்டுங்கள். கட்டம் மாறிக் குறித்தது, ஊர்ப்பெயர் தப்பாகப் போட்டது எல்லாம் அங்கே பிடிபடும். பறவைப் பதிவுகளை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றலாம். கடற்பசு மேயும் இடத்தையும் கடல் அட்டை கிடக்கும் இடத்தையும் மட்டும் பொதுவில் துல்லியமாகப் போடாமல் கட்ட அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அட்டைக்குக் கள்ளச் சந்தை இருக்கிறது. சரியான ஆயத்தொலைவுகள் வனத்துறையிடமும் உங்கள் கோப்பிலும் இருந்தால் போதும்.