ஆன்லைன் கல்லூரிப் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைனில் கல்லூரிப் படிப்புக்குச் சேரும் புதியவர்களுக்கு வழிகாட்டி வருகிறேன். ஒரு காலத்தில் நான் தடுமாறிய அதே இடங்களில் அவர்களும் தடுமாறுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பாஸ்வேர்டை மறப்பது, மைக்கை அணைக்க மறப்பது எல்லாம் போகட்டும். கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும். செமஸ்டரையே விழுங்கும் தவறுகள் வேறு.

ரெக்கார்டிங்கைச் சேர்த்து வைப்பது

"ரெக்கார்டிங் இருக்கே, அப்புறம் பார்த்துக்கலாம்." எப்போது கேட்டாலும் எனக்கு எரிச்சல் வரும் பேச்சு இது. இப்படிச் சொல்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே படிக்க வந்தவர்கள். 'உங்கள் வசதிப்படி படிக்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பியவர்கள். காலையில் பார்ப்பதா, இரவில் பார்ப்பதா என்பது மட்டும்தான் நம் வசதி. எந்த வாரத்துக்குள் எதை முடிக்க வேண்டும் என்பதைக் கல்லூரி முதல் நாளே முடிவு செய்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். பாடத்தின் அளவைக் கல்லூரிகள் கிரெடிட் என்ற அலகில் சொல்கின்றன. அமெரிக்க முறையில் 1 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 1 மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே 2 மணி நேரப் படிப்பு. 3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி நேரம் ஆகும். 15 வாரப் பாடத்தை 8 வாரமாகச் சுருக்கினால் அது சுமார் 17 மணி நேரமாக ஏறிவிடும். ஐரோப்பிய முறையில் ஒரே ஒரு கிரெடிட்டுக்கு மொத்தம் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வீடியோ எத்தனை நிமிடம் என்று மட்டும் பார்த்துச் சேர்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே புள்ளியியல் பாடம் எடுத்தார் ஒரு பெண். தொடக்க வார வீடியோக்களை விடுமுறையில் மொத்தமாகப் பார்ப்பதாகத் திட்டம். ஆனால் நிகழ்தகவு புரியாமல் கருதுகோள் சோதனைக்குள் நுழைய முடியுமா? அவர் என்னிடம் பேசியபோது கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் கடந்துவிட்டது. தோல்வி என்று பதிவாகாமல் பாடத்தைக் கைவிடும் நாள் மட்டும் மிச்சம் இருந்தது, அதையாவது பிடித்தோம். அடுத்த செமஸ்டரில் அதே பாடத்துக்கு மறுபடியும் பணம் கட்டினார். நல்ல திறமையுள்ளவர். இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

அந்த இரண்டு நாட்களும் வேறு வேறு. கல்லூரி நாட்காட்டியில் இருக்கும். சேர்ந்த அன்றே போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்களா? முதல் வீடியோவிலிருந்து வரிசையாகத் தொடங்காதீர்கள். இந்த வாரம் மதிப்பெண் உள்ள வேலையை எடுங்கள். அதற்குத் தேவைப்படும் பழைய பகுதியை மட்டும் பாருங்கள். ஆசிரியருக்கும் அன்றே எழுதுங்கள். கெடு முடிவதற்கு முன் கேட்பவருக்குக் கிடைக்கும் சலுகை, முடிந்த பிறகு கேட்பவருக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது.

பார்த்ததைப் படித்ததாக எண்ணுவது

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். அதனால் வீடியோ முடிந்ததும் மூடிவிட்டு, நினைவில் நின்றதை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் மறுபடி பார்க்க வேண்டிய இடம்.

கெடு எந்த ஊர் நேரம்?

இரவு 11:59 என்று போட்டிருந்தால், அது உங்கள் ஊர் நேரமா, கல்லூரி இருக்கும் ஊர் நேரமா என்று முதல் வாரமே உறுதி செய்யுங்கள்.

கலந்துரையாடலைக் கடைசி நாளுக்கு ஒதுக்குவது

பாடத்தின் இணையப் பக்கத்தில் மாணவர்கள் கருத்து எழுதி, ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் பகுதி இது. பல பாடங்களில் இதற்கும் மதிப்பெண் உண்டு. மற்றவர்களுக்குப் பதில் எழுதினால்தான் முழு மதிப்பெண். வாரத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தேர்வு நேரத்தில் மென்பொருளை நிறுவுவது

கண்காணிப்பு மென்பொருள், கேமரா, அடையாள அட்டை எல்லாவற்றையும் முந்தைய நாளே சோதியுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் இன்னும் முன்பே. அதில் புதிதாக எதையும் நிறுவ அனுமதி இல்லாமல் போகலாம்.

அனுப்பியதைத் திறந்து பார்க்காதது

ஏற்றிய ஃபைலை அங்கிருந்தே இறக்கித் திறந்து பாருங்கள். பழைய வரைவை அனுப்பிவிட்டு மதிப்பெண் இழந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.