எந்த ஹாம்ஸ்டர் என்று தெரியாமல் கூண்டு வாங்காதீர்கள்

"ரெண்டாக எடுத்துக்கோங்க, ஒண்ணு தனியா இருந்தா ஏங்கிப்போயிடும்." ஹாம்ஸ்டர் (எலிபோன்ற சிறு வளர்ப்புப் பிராணி) வாங்கப் போனால் காதில் விழும் இந்தப் பேச்சை நம்பி நானும் இரண்டு எடுத்தேன். சிரியன் வகை, ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பெண் குட்டிகள். சில வாரம் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கின. பிறகு ஒருநாள் நள்ளிரவில் கீச்சென்று அலறல். விளக்கைப் போட்டால், ஒன்றின் காது கிழிந்து தொங்குகிறது. விடிவதற்குள் பழைய பெட்டி ஒன்று இரண்டாவது கூண்டானது.

சிரியன் ஹாம்ஸ்டர் தனிக்கட்டை. காட்டிலும் வளைக்கு ஒன்றாகத்தான் வாழும். பிறந்து இரண்டு மாதம் நெருங்கினால் கூடப் பிறந்ததும் எதிரிதான். ரோபோரோவ்ஸ்கி, கேம்ப்பெல் போன்ற குள்ள வகைகள் குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் ஒத்துப்போவதுண்டு, அதற்கும் உத்தரவாதம் இல்லை. சண்டை வந்தால் பிரிக்க இன்னொரு கூண்டு கைவசம் வேண்டும்.

எல்லாத் தவறுக்கும் வேர், 'ஹாம்ஸ்டர்' என்றால் ஒரே பிராணி என்று நினைப்பதுதான். சுமார் 20 இனங்கள் உண்டு. வீடுகளில் வளர்வது ஐந்துதான். இதில் விற்பனைப் பெயர்கள் வேறு குழப்பும். 'டெடி பியர்', 'பாண்டா' எல்லாம் தனி இனமே இல்லை, முடியும் நிறமும் மாறிய சிரியன்தான். சிரியன் குட்டியைக் குள்ள வகை என்று நம்பி வாங்கினால், சில மாதத்தில் கூண்டும் அது ஓடி விளையாடும் சக்கரமும் போதாமல் போகும். வளர்ந்த சிரியனுக்குச் சக்கரம் 28 செ.மீ. விட்டமாவது வேண்டும், சிறியதில் ஓடினால் முதுகு வளையும். கம்பிச் சக்கரம் எந்த வகைக்கும் ஆகாது, இடைவெளியில் கால் மாட்டி முறியும்.

குள்ள வகைகளைப் பிரித்தறிய முதுகைப் பாருங்கள். கேம்ப்பெல்லுக்கு மெல்லிய கருங்கோடு. வின்டர் வைட்டுக்குக் கோடு அகலம். ரோபோரோவ்ஸ்கிக்குக் கோடே கிடையாது, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருக்கும். வாலும் உடம்பும் நீண்டு எலியைப்போல் இருந்தால் சீன ஹாம்ஸ்டர். கேம்ப்பெல்லையும் வின்டர் வைட்டையும் ஒரே கூண்டில் விட்டு இனம் பெருக்குவது பெரிய தவறு: சில ஜோடிகளில் கரு அளவுக்கு மீறிப் பருத்து, பிரசவத்தில் தாயே இறக்கும். கேம்ப்பெல்லுக்கு நீரிழிவு எளிதில் வரும், பழத்தைச் செல்லமாக ஊட்டாதீர்கள்.

குளிர்காலத் தவறு ஒன்று என்னைப் பதறவைக்கும். அறை மிகவும் குளிர்ந்தால் சிரியன் சுருண்டு, உடல் சில்லிட்டு, அசைவற்றுப் போகும். செத்துவிட்டது என்று புதைத்தவர்களும் உண்டு. மீசையையும் விலாவையும் சில நிமிடம் பொறுமையாகக் கவனியுங்கள். மூச்சு அவ்வளவு மெதுவாக இருக்கும். உள்ளங்கைச் சூட்டில் மெல்ல மெல்ல விழிக்கவைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். வின்டர் வைட் குளிர்காலத்தில் வெளுத்தால் நோயென்று பயப்படாதீர்கள். பகல் நேரம் குறைவதால் வரும் மாற்றம் அது. எப்போதும் விளக்கெரியும் வீட்டில் வெளுக்காமலே போகலாம்.

குட்டி போட்ட கூண்டில் கைவைக்காதீர்கள். சிரியன் கருவுற்ற 16 நாளில் ஈன்றுவிடும். தாய் கலவரப்பட்டால் குட்டியைக் கடித்துக் கொல்லும். 1930இல் சிரியாவின் அலெப்போ நகர்ப் பக்கத்துக் கோதுமை வயலைத் தோண்டி, இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். பெட்டிக்குள் போட்டதுமே தாய் ஒரு குட்டியைக் கொன்றுவிட்டது. மிஞ்சியவற்றில் சிலவற்றின் வழிவந்தவைதான் இன்று வீடுகளில் இருக்கும் சிரியன்களில் பெரும்பாலானவை.

ஒரே தானியத்தைப் போட்டுப் பழக்குவதும் தவறு. இதற்குச் சான்று ஒரு காட்டு இனத்திடம்தான் கிடைத்தது. ஐரோப்பிய ஹாம்ஸ்டர் கறுத்த வயிறு கொண்ட பெரிய இனம். 2020 முதல் அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலில் இருக்கிறது. பிரான்ஸின் அல்சாஸில் அதன் வயல்கள் மக்காச்சோளமாக மாறிவிட்டன. ஆய்வாளர்கள் மக்காச்சோளத்தை முக்கிய உணவாகக் கொடுத்துப் பார்த்தபோது, தாய்கள் தங்கள் குட்டிகளையே தின்றன. மக்காச்சோளத்திலிருந்து அவற்றுக்குக் கிடைக்காதது வைட்டமின் பி3. அதைச் சேர்த்துக் கொடுத்ததும் குட்டிகளைப் பாலூட்டி வளர்த்தன.