மெர்சிடிஸ் என்றால் கூலியா, கருணையா? பெயர்ப் பொருள் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெர்சிடிஸ் என்றதும் மூன்று முனை நட்சத்திரம்தான் கண்முன் வரும். அதனாலேயே பலர் அதை ஜெர்மன் சொல் என்றும், காரைப் பார்த்துத்தான் பெண் பிள்ளைக்கு வைத்தார்கள் என்றும் நினைக்கிறார்கள். நடந்தது நேர் எதிர். டைம்லர் கார்களை விற்றுவந்த எமில் யெல்லினெக் என்ற ஆஸ்திரிய வியாபாரி, 1889-இல் பிறந்த தன் மகளின் பெயரைக் காருக்கு வைத்தார். 1902-இல் அது வணிகச் சின்னமாகப் பதிவானது. மறுவருடம் தன் பெயரையே யெல்லினெக்-மெர்சிடிஸ் என்று மாற்றிக்கொண்டார். மகள் பெயரை அப்பா சேர்த்துக்கொள்வது நம் இனிஷியல் வழக்கத்துக்குத் தலைகீழ்!

சரி, பொருள்? லத்தீன் அகராதியைப் புரட்டினால் 'மெர்செஸ்' என்பதற்குக் கூலி, வெகுமதி என்றிருக்கும். அதை அப்படியே பெயரின் பொருளாக எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. வேர் அதுதான், ஆனால் தேவாலய லத்தீனில் அந்தச் சொல் அருள், இரக்கம் என்று மாறிவிட்டது. ஸ்பானிய மொழிக்கு வந்ததும் இந்தப் பொருள்தான். 'மெர்சி' என்ற பெயரும் இதே வேரில் வந்ததே.

அகராதியில் கிடைக்காத பாதி ஒன்றும் இருக்கிறது. முழுப்பெயர் 'மரியா தெ லாஸ் மெர்சேதெஸ்'. அதாவது இரக்கங்களின் மாதா, அதனால்தான் பன்மை. 1218-இல் பார்சிலோனாவில் பெத்ரோ நொலாஸ்கோ தொடங்கிய துறவற சபை இந்த மாதாவின் பெயரைத் தாங்கியது. முஸ்லிம்களிடம் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதே சபையின் வேலை. ஆக, இங்கே இரக்கம் என்பது வெறும் மனநெகிழ்ச்சி இல்லை, சங்கிலியைக் கழற்றும் காரியம். செப்டம்பர் 24 அந்த மாதாவின் திருநாள். பார்சிலோனாவில் அன்றுதான் பெரிய விழா.

நம்மூரில் சகாய மேரி, ஆரோக்கிய மேரி என்று வைப்பதும் இதே வழக்கம்தான். ஸ்பானியர்கள் பல சமயம் மரியாவை விட்டுவிட்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். சொகோர்ரோ என்றால் சகாயம், தொலோரெஸ் என்றால் வியாகுலங்கள். 'ஓ'வில் முடிந்தால் ஆண் பெயர் என்ற கணக்கும் இங்கேதான் உதைக்கும். சொகோர்ரோ, கொன்சுவேலோ, அம்பாரோ எல்லாம் பெண்கள்.

உச்சரிப்பில் 'மெர்சிடிஸ்' நம் பழக்கம். லத்தீன் அமெரிக்காவில் மெர்சேதெஸ், ஸ்பெயினின் பெரும்பகுதியில் மெர்தேதெஸ். செல்லமாக லத்தீன் அமெரிக்காவில் மெச்சே, ஸ்பெயினில் மெர்ச்சே.