முன்னாள் மாணவர் சங்கத்தில் பொறுப்பேற்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

படிப்பு முடிந்து, வேலை ஓரளவு நிலைத்ததும் "நம்ம காலேஜுக்கு ஏதாவது செய்யணும்" என்ற எண்ணம் நிறையப் பேருக்கு வருகிறது. பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் யாராவது அதை எழுதுவார், முப்பது பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், அத்தோடு முடிந்துவிடும். அந்த எண்ணத்தைச் சங்கத்துக்குள் கொண்டுபோய் வேலையாக மாற்றுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கச் செயற்குழுவில் நான் இருக்கிறேன். அதனால் சட்டம், நடைமுறை எல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கில்தான் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் பட்டியல், மினிட்ஸ் புத்தகம் (கூட்ட முடிவுகளை எழுதிவைக்கும் நோட்டு), கணக்கு இந்த மூன்றும் சரியாக இருக்கிற சங்கம் ஆண்டு விழா நடத்தாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். மூன்றும் இல்லாத சங்கம் எவ்வளவு பெரிய விழா எடுத்தாலும் இரண்டு வருடத்தில் படுத்துவிடும். எனவே புதிதாக வருபவர்கள் இந்த மூன்றில் ஒன்றின் வழியாக உள்ளே வாருங்கள்.

படி 1: உங்கள் சங்கம் எது என்று கண்டுபிடியுங்கள்

பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்றோ பாரதியார் பல்கலைக்கழகம் என்றோ இருக்கும். ஆனால் நம்மில் பெரும்பாலானவர்கள் படித்தது அதன் கீழ் இணைவு பெற்ற ஒரு கல்லூரியில். பல்கலைக்கழக வளாகத்துத் துறைகளில் படித்தவர்களுக்கு அங்கேயே சங்கம் இருக்கும். மற்றவர்கள் தேட வேண்டியது கல்லூரிச் சங்கத்தை. சில இடங்களில் துறைக்கென்று தனிச் சங்கம், சென்னைக் கிளை, துபாய்க் கிளை என்றெல்லாம் உண்டு.

கல்லூரி அலுவலகத்திலோ உங்கள் பழைய துறைத் தலைவரிடமோ கேளுங்கள். அப்போதே "சங்கம் பதிவு செய்யப்பட்டதா, பதிவு எண் என்ன?" என்றும் கேட்டுவிடுங்கள். லெட்டர்பேடிலேயே எண்ணும் ஆண்டும் அச்சாகியிருந்தால் நல்ல அறிகுறி. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் தேசிய அமைப்பான நாக் (NAAC), தன் மதிப்பீட்டில் பதிவு பெற்ற முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறதா, அது கல்லூரிக்கு என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பதால், பல கல்லூரிகளில் சங்கம் காகிதத்திலாவது இருக்கும். நாக் குழு வரும் நேரத்தில் விழித்து, போனபின் தூங்கிவிடும் சங்கங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட சங்கமாக இருந்தாலும் அதற்குள்ளேயே போங்கள். 7 பேர் சேர்ந்தால் புதிதாக ஒன்றைப் பதிவு செய்ய முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே கல்லூரிக்கு இரண்டு சங்கம் வந்தால் பழைய மாணவர்கள் இரண்டு அணியாகிவிடுவார்கள், கல்லூரி இரண்டையும் ஒதுக்கிவிடும்.

படி 2: உறுப்பினர் ஆகுங்கள்

இறுதியாண்டில் கல்லூரிக் கட்டணத்தோடு "அலும்னி" என்று ஒரு தொகை வாங்கியிருப்பார்கள். அதனால் நீங்கள் உறுப்பினராகிவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பணம் உங்களை ஆயுள் உறுப்பினர் ஆக்குகிறதா, ஓட்டுரிமை தருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சந்தாவைக் கட்டி ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பின்னால் தேர்தலில் நிற்கும்போது அந்த ரசீதைத்தான் கேட்பார்கள்.

படி 3: துணைவிதிகளைப் படியுங்கள்

எல்லாரும் பைலா என்றுதான் சொல்வார்கள். செயலாளரிடம் ஒரு நகல் கேளுங்கள். பத்துப் பதினைந்து பக்கம்தான் இருக்கும், ஒரு மாலையில் படித்துவிடலாம். சங்கத்தில் பல வருடம் இருப்பவர்களில்கூடப் பலர் இதைப் புரட்டியிருக்க மாட்டார்கள். அதனால் இதைப் படித்தவரின் பேச்சுக்குக் கூட்டத்தில் தனி மதிப்பு உண்டு.

படிக்கும்போது நான்கு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுக்குழு நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும், அதாவது கோரம் எவ்வளவு. யார் யாருக்கு ஓட்டு. எந்தெந்தப் பதவி தேர்தலில் வருகிறது, எது தானாக வருகிறது. பெரும்பாலும் முதல்வர்தான் புரவலராக இருப்பார், சில இடங்களில் ஒரு பேராசிரியரே பொருளாளர். கடைசியாக, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கூடவே சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகின்றன. செயற்குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அவர்களுடைய பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடியும் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்கள் கோட்டைவிடுவது இந்தத் தாக்கலில்தான். "கடைசியாக எந்த வருடம் தாக்கல் செய்தோம்?" என்று பணிவாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் தயங்கித் தயங்கி வந்தால், உங்களுக்கான வேலை கிடைத்துவிட்டது.

படி 4: ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள்

"என்ன வேணும்னாலும் செய்றேன் சார்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்பவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று செயலாளருக்குத் தெரியாது, அது அப்படியே நின்றுவிடும். இந்த மாதிரி எழுதுங்கள்:

"வணக்கம் சார். நான் 2016–19 பி.எஸ்சி. கணிதம். நம் துறையில் 2010 முதல் 2020 வரை படித்தவர்களின் பட்டியலைச் சரிபார்த்துத் தர விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். பொங்கலுக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன்."

என்ன வேலை, எவ்வளவு நேரம், எப்போதைக்குள் என்று மூன்றும் இதில் வந்துவிட்டன. இதை வேண்டாம் என்று சொல்லும் செயலாளரை நான் பார்த்ததில்லை.

பட்டியல் வேலையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எந்தச் சங்கத்திலும் அது அரைகுறையாகத்தான் கிடக்கும். எக்செலைத் திறந்தால் ஒரே பேட்சில் "எஸ். லட்சுமி" என்று மூன்று பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றி "ஆர். லட்சுமி" ஆகியிருப்பார். அதே ஆள் இரண்டு வரியில், இரண்டு பழைய செல் நம்பரோடு. பெயரை வைத்துச் சரிபார்க்கப் போனால் தலை சுற்றிவிடும். பல்கலைக்கழகப் பதிவெண்ணை முதல் பத்தியில் போடுங்கள். அது ஒருவருக்கு ஒன்றுதான். அடுத்து, படிக்கும்போது இருந்த பெயர், இப்போதைய பெயர் என்று இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். பதிவெண் தெரியாதவர்களுக்குத் துறை, சேர்ந்த ஆண்டு, ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்த ஒழுங்கு இல்லாத பட்டியலில் காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அதனாலேயே பொதுக்குழு அழைப்பு அவர்களுக்குப் போவதில்லை, செயற்குழுவிலும் அவர்கள் இருப்பதில்லை.

நம்பரை வாங்கும்போது எதற்காக என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், கேட்காமல் குழுவில் சேர்த்து, மறுநாளே யாரோ ஒருவர் பாலிசி விற்க ஆரம்பித்தால் அந்த மனிதர் ஆயுளுக்கும் சங்கப் பக்கம் வரமாட்டார்.

படி 5: பொதுக்குழுவுக்கு நேரத்தோடு போங்கள்

சில கல்லூரிகளில் ஜனவரி 26 அன்று கொடியேற்றம் முடிந்து சங்கமம், அப்புறம் பொதுக்குழு என்று வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் முந்தைய மினிட்ஸ் வாசிக்கும்போதே இருங்கள். வரவு செலவு வாசித்ததும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அதுவும் குற்றம் சாட்டுவது போல இல்லாமல், புரிந்துகொள்ளக் கேட்பது போல. 1980-களில் படித்த அண்ணன்மார்கள் தங்கள் கையிலிருந்து பணம் போட்டுச் சங்கத்தைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். அவர்களை முதல் கூட்டத்திலேயே மடக்கிப் பேசினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வேலை நடக்காது.

படி 6: பதவிக்கு நில்லுங்கள்

ஒரு வேலையை முடித்துக் காட்டிய பிறகு செயற்குழு உறுப்பினர் அல்லது இணைச் செயலாளர் பதவிக்கு மனுக் கொடுங்கள். உங்களை முன்மொழியவும் வழிமொழியவும் வேறு வேறு பேட்ச்காரர்களைக் கேட்பது நல்லது. ஒரே பேட்ச் என்றால் கோஷ்டி என்ற பேச்சு வரும்.

என்னைக் கேட்டால், முதல் பதவிக்கு இணைச் செயலாளர்தான் சரி. மினிட்ஸ் எழுதும் வேலை உங்களிடம் வரும், சங்கம் எப்படி ஓடுகிறது என்று ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். எழுதும்போது யார் என்ன பேசினார்கள் என்று கதையாக எழுத வேண்டாம். முடிவானதை எழுதுங்கள்:

"தீர்மானம் 4: இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்த ரூ. 6,000 வரை செலவிட ஒப்புதல். பொறுப்பு: இணைச் செயலாளர். முடிக்க வேண்டிய நாள்: பிப்ரவரி 10."

பொறுப்பும் நாளும் இல்லாத தீர்மானம் அடுத்த கூட்டத்திலும் அப்படியே வந்து நிற்கும். கூட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் எழுதிச் சுற்றுக்கு விட்டுவிடுங்கள். நாளாக ஆக, நடந்தது என்ன என்பதில் ஆளுக்கொரு நினைவு வந்துவிடும்.

பொருளாளர் பதவியை மட்டும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு ஏற்காதீர்கள். வங்கி, ஆடிட்டர், பதிவாளர் அலுவலகம் என்று நேரில் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

படி 7: பணத்தில் கறாராக இருங்கள்

சங்கங்கள் உடைவது பெரும்பாலும் பணத்தில். யாரும் திருடியிருக்க மாட்டார்கள், ஆனால் கணக்கு இருக்காது. மழை வெள்ளம் வரும், அவசரத்துக்கு ஒருவருடைய ஜிபே நம்பரில் எல்லாரும் அனுப்புவார்கள், அவரும் ராப்பகலாக நின்று உதவியிருப்பார். ஆறு மாதம் கழித்து "அந்தப் பணம் என்னாச்சு?" என்று ஒருவர் கேட்பார். நல்ல மனிதர் ஒருவர் மனம் நொந்து விலகிப் போவார். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கோடு சேர்ந்த க்யூஆர் கோடு, எடுப்பதற்கு இரண்டு கையெழுத்து, வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. எவ்வளவு அவசரமானாலும் இதிலிருந்து இறங்காதீர்கள்.

நன்கொடை கொடுப்பவர்கள் வரிவிலக்கு பற்றிக் கேட்பார்கள். 80ஜி என்று நாம் பழகிய சலுகை தானாக வருவதில்லை. சங்கம் வருமான வரித் துறையிடம் அதற்கென்று அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளாமல் "வரிவிலக்கு உண்டு" என்று நோட்டீஸில் அச்சடிக்காதீர்கள்.

இன்னும் கவனம் தேவைப்படுவது வெளிநாட்டுப் பணம். துபாயில் வேலை பார்க்கும் நண்பர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறார், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது, தாராளமாக வாங்கலாம். அதே வகுப்பில் படித்த இன்னொருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் புதுதில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கெனத் தொடங்கிய கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் விதி இதுதான். அனுமதி இல்லாத சங்கம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பணத்துக்குப் பதிலாக மாணவர்களுக்கு இணையத்தில் வகுப்பு எடுக்கச் சொல்லலாம். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

படி 8: இதெல்லாம் யாருக்காக என்பதை மாணவர்களிடம் போய்ப் பாருங்கள்

எங்கள் கல்லூரி போன்ற இடங்களில் வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிப்பவர்கள் ஏராளம். 'நான் முதல்வன்', 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' என்று அரசுத் திட்டங்கள் இப்போது இருக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் இன்டர்வியூ முடிந்து "ஆஃபர் லெட்டர்ல பாண்ட் போட்டிருக்காங்க, கையெழுத்துப் போடலாமா அண்ணா?" என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஆள் இல்லை. எம்.எஸ்சி. படிக்க ஹைதராபாத் போகலாமா, பி.எட். சேரலாமா என்பதைப் பேசவும் ஆள் இல்லை. அந்த ஒரு போன் காலுக்கு எடுக்கிற அண்ணனோ அக்காவோ கிடைக்கச் செய்வதுதான், என் பார்வையில், சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. வாட்டர் கூலரும் கல்வெட்டும் அதற்குப் பிறகுதான்.

இதற்கு முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு மூத்தவருக்கு இரண்டு மூன்று மாணவர்களுக்கு மேல் வேண்டாம். பேச்செல்லாம் ஒரு பேராசிரியரும் இருக்கும் குழுவில் நடக்கட்டும். மாணவிகளின் தனி எண்ணுக்கு யாரும் நேரடியாக மெசேஜ் அனுப்பக் கூடாது என்பதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கலாம், சொல்லித்தான் ஆக வேண்டும்.

படி 9: ஒப்படைத்துவிட்டு இறங்குங்கள்

பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவரைத் தேடுங்கள். உங்களுக்கு ஐந்து வருடம் இளைய பேட்ச் என்றால் ரொம்ப நல்லது. கூட்டத்துக்குக் கூடவே வைத்திருந்து பழக்குங்கள். ஒப்படைக்கும் நாளில் பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், மினிட்ஸ் புத்தகம், பாஸ்புக், செக் புத்தகம், ரசீதுக் கட்டு, ரப்பர் ஸ்டாம்ப், பான் கார்டு, மின்னஞ்சல் பாஸ்வேர்டு, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மின்னஞ்சலோடு உங்கள் சொந்த செல் நம்பர் இணைந்திருந்தால் அதையும் அன்றே மாற்றிவிடுங்கள். ஓடிபி உங்களுக்கு வந்துகொண்டிருந்தால் புதியவரால் எதையும் திறக்க முடியாது. நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளருக்குப் படிவம் 7-இல் தெரிவித்து, அதன் நகலோடு வங்கிக்குப் போய்க் கையெழுத்து மாதிரியை மாற்றிக் கொடுங்கள்.